இரண்டு மைனாக்கள்

அந்த வீட்டில் இளையவனை எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். காதோரம் நரைத்து, கண்ணாடியைக் கழற்றினால் மூக்கில் பள்ளம் தெரிகிற வயதிலும் அவன் சின்னவன்தான். பெரியவன் கடல் தாண்டிப் போய்ப் பாலம் கட்டிக்கொண்டிருந்தான். எத்தனை வருஷமானாலும் முன்னால் பிறந்தவன் முன்னால் பிறந்தவன்தானே.

வீட்டின் கீழ்த்தளம் முழுக்க சின்னவனுடைய மனைவியின் பிராணிகள் மருத்துவமனை. தெருவில் எல்லோரும் அவளை டாக்டர் என்றார்கள். நாளடைவில் வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. மேல்தளத்தில் குடும்பம். பின்னறையில் சின்னவன் மேசை போட்டு உட்கார்ந்து, தான் நேரில் பார்த்தேயிராத ஏதோ ஒரு கட்டடத்தில் அடுக்கி வைத்திருக்கும் சர்வர்களைப் பராமரித்துச் சம்பளம் வாங்கினான். முன்னறை அப்பாவுடையது. அப்பா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். பெரியவனின் பாலம் என்னவென்று அவருக்குப் புரியும். சின்னவனின் வேலையை யாராவது விசாரித்தால், "கம்ப்யூட்டரைப் பாத்துக்குறான்" என்பார், மாடு மேய்க்கிறான் என்பது போல.

அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. அம்மா இருந்தவரை இவர் சொல்வதை அவனிடமும் அவன் சொல்வதை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவள் போனபின் அந்தப் போக்குவரத்து நின்றது. சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கரண்ட் பில் வந்துதா என்ற அளவில் நாட்கள் ஓடின. இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேருக்குமே வாயைத் திறப்பதென்றால் கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் மருத்துவமனைக்குப் புதுக் கணினி வாங்கினார்கள். பழையதற்கு வயதாகிவிட்டது, ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால் கொட்டாவி விடும். டாக்டரின் எக்ஸ்ரே கருவி படமெடுத்த கையோடு அதைக் கணினிக்கு அனுப்பிவிடும் வகை. எந்தக் கணினிக்கு? மைனா என்ற பெயருள்ள கணினிக்கு. மனிதர்களுக்குப் போலவே கணினிகளுக்கும் ஹோஸ்ட்நேம் என்று ஒரு பெயர் உண்டு. ஒரு வீட்டு இணைப்புக்குள் ஒன்றையொன்று அதைச் சொல்லித்தான் தேடும். மைனா என்ற பெயரைக் கருவிக்குள் எழுதிப் பூட்டியிருந்தவர்கள் அதை விற்ற நிறுவனத்தார். மாற்ற வேண்டுமென்றால் அவர்களுடைய ஆள் வர வேண்டும். அவர் வந்து சேர்வதற்குள், குட்டி போட வந்த பூனை பேரன் பேத்தி எடுத்துவிடும்.

ஆகவே சின்னவன் சுலபமான வழியைப் பிடித்தான். பழைய கணினியின் டிஸ்கை அப்படியே புதியதில் பிரதி எடுத்தான். லினக்ஸ் இயங்குதளம், மென்பொருள்கள், பெயர் எல்லாம் அப்படியே வந்தன. புதியது மைனா ஆயிற்று. பழையதில் இருந்த மென்பொருள்களைத் தொடாமல், தூசி மட்டும் துடைத்து அப்பாவின் முன்னறை மேசையில் கொண்டுபோய் வைத்தான், செய்தித்தாள் படிக்கட்டும், சதுரங்கம் ஆடட்டும் என்று. ஒரே வீட்டில் இரண்டு மைனா கூடாது என்பதால் பழையதற்குக் குயில் என்று பெயர் மாற்றினான். ஒரு வரி கட்டளைதான். திரையில் குயில் என்று வந்தது. அப்பாவிடம் எதை அழுத்தினால் என்ன திறக்கும் என்று இரண்டு நிமிஷம் காட்டினான். அவர் தலையாட்டினார். வேலை முடிந்தது என்று இறங்கி வந்துவிட்டான்.

கொஞ்ச நாளில் கீழே தொல்லை ஆரம்பித்தது.

எக்ஸ்ரே எடுப்பார்கள், கருவியில் 'அனுப்பியாச்சு' என்று பச்சை விளக்கு எரியும், கணினியில் படம் இருக்காது. மறுபடி எடுப்பார்கள், அதுவும் வராது. அடுத்த நாள் எந்தக் குறையும் இல்லாமல் படம் படமாக வந்து குவியும். அதற்கடுத்த நாள் திரும்பவும் காணாது. ஒரு முறை வந்த படம் இன்னொரு முறை ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு நியாயமும் தென்படவில்லை.

மருத்துவமனையில் டாக்டருக்கு அடுத்தபடி கம்பவுண்டர் அக்கா. நாய் கடித்தால் நாயைத் திட்டாமல் நாய்க்காரரைத் திட்டுகிற பெண்மணி. புதுக் கணினிக்கு ராசி இல்லை என்று அவர் முதல் வாரமே தீர்ப்பு எழுதிவிட்டார். பழசு மெதுவாக இருந்தாலும் வேலை செய்ததாம், புதுசு பளபளவென்று உட்கார்ந்து சம்பளம் மட்டும் வாங்குகிறதாம். அதைச் சொல்லும்போது அவர் பார்வை கணினி மேல் இருந்ததா தன் மேல் இருந்ததா என்று சின்னவனுக்குச் சந்தேகம்.

அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கேபிளை மாற்றினான். ரௌட்டரை அணைத்துப் போட்டான். படங்கள் வந்து விழும் ஃபோல்டரின் அனுமதிகளைச் சரிபார்த்தான். புதுக் கணினியிடம் உன் பெயர் என்ன என்று கேட்டான், மைனா என்றது. அணைத்துப் போட்டுக் கேட்டான். அப்போதும் மைனா என்றது. பெயர் எழுதியிருக்கும் கோப்பைத் திறந்தான், மைனா. பெயர்களையும் முகவரிகளையும் சேர்த்து வைத்திருக்கும் இன்னொரு கோப்பிலும் மைனா. இதைவிடத் தெளிவாக ஒரு கணினி தன் பெயரைச் சொல்ல முடியாது. ஒரு நாள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, முன்னெச்சரிக்கையாக இருக்கட்டும் என்று கணினியை அணைத்துப் போட்டான்; அதன் பிறகு அன்று முழுக்க ஒரு படம் வரவில்லை. கம்பவுண்டர் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஆபீசில் அவனைத் தலைமேல் வைத்துக்கொண்டாடுவார்கள். விடிந்தால் நூறு சர்வர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன், சொந்த வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு பெட்டியிடம் தோற்றுக்கொண்டிருந்தான். டாக்டர் அதைக் குத்திக்காட்டவில்லை. ஒரு தடவை மட்டும், அந்த நிறுவனத்து ஆளையே கூப்பிட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டாள். இன்னும் இரண்டு நாள் பார்க்கிறேன் என்றான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளும் விட்டுவிட்டாள்.

அதே சமயத்தில் வீட்டில் ஒரு நல்லதும் நடந்துகொண்டிருந்தது. அப்பா தெளிந்திருந்தார். காலையில் காபியை வாங்கிக்கொண்டு நேராகக் கணினி முன் உட்காருவார். சாப்பாட்டு மேசையில் திடீரென்று, அந்தக் கால் ஒடிந்த குட்டி நாய் நடக்கிறதா என்பார். கம்பவுண்டர் அக்கா மாடிக்குக் காய்கறி கொண்டுவரும்போது கதை சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று டாக்டர் நினைத்தாள். சதுரங்கம் மூளையைச் சுறுசுறுப்பாக்கிவிட்டது என்று சின்னவன் நினைத்தான். ஆளுக்கொரு காரணம் கைவசம் இருந்ததால் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

தையல்காரர் வந்தது ஒரு புதன்கிழமை காலை. தெருமுனையில் கடை வைத்திருப்பவர். கழுத்தில் டேப் தொங்க, துரை என்ற தன் பழுப்பு நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். தையல் மெஷினின் பாபினை, நூல் சுற்றியது சுற்றியபடியே, அது விழுங்கிவிட்டதாம். கண் முன்னாலேயே நடந்ததாம். துரையோ தான் செய்த காரியத்தில் பெருமை உள்ளவன் போல நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் நாயின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு நிலைமையைச் சொன்னாள். பாபின் இன்னும் இரைப்பையில் இருந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்துவிடலாம். குடலுக்குள் இறங்கியிருந்தால், அதுவும் நூலோடு இறங்கியிருந்தால், அறுவை சிகிச்சைதான். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எதையும் தொடக்கூடாது. படம் எடுத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. படம் வரவில்லை.

மறுபடி எடுத்தார்கள். வரவில்லை. கம்பவுண்டர் அக்கா மாடிப்படியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். சின்னவன் ஆபீஸ் கூட்டத்தைப் பாதியில் விட்டு இறங்கி வந்தான். அவன் கணினியைக் குடைந்துகொண்டிருக்கும்போது மூன்றாம் முறையும் எடுத்துப் பார்த்தார்கள். துரைக்கு அந்தக் குளிர்ந்த மேசை அலுத்துவிட்டது, உறுமத் தொடங்கியது. தையல்காரர் அதன் காதில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவன் உன் பெயர் என்ன என்று மறுபடியும் கேட்டான். மைனா என்று அந்தப் பெட்டி மறுபடியும் சொன்னது.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கி வந்து, எக்ஸ்ரே அறைக்கதவின் அருகே நின்றார். மருத்துவமனை நேரத்தில் அவர் கீழே வருவதே கிடையாது.

"சின்னவனே, இந்த நாய்க்கு மட்டும் எதுக்குடா மூணு படம்?" என்றார். "மூணும் ஒரே மாதிரிதானே இருக்கு."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். துரைகூட உறுமுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

"எந்த நாய்க்குப்பா?" என்றான் சின்னவன்.

"இதுக்குத்தான். வயித்துல ஏதோ சக்கரம் மாதிரி கிடக்கே."

டாக்டர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். என்ன, எப்படி என்றெல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாமனாரைத் தாண்டி மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். சின்னவன் பின்னாலேயே ஓடினான். அப்பா கடைசியாக வந்து சேர்ந்தபோது, மருமகள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து திரையை மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரையின் வயிறு கறுப்பும் வெளுப்புமாக அங்கே இருந்தது. விலா எலும்புகளின் வளைவுக்குக் கீழே பாபின் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. டாக்டர் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். "இரைப்பையிலதான் இருக்கு. இறங்கல. மாமா, ரொம்ப நல்ல வேளை." சொல்லிக்கொண்டே எழுந்து ஓடிவிட்டாள்.

கீழே நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் துரை முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு, காலைச் சாப்பாடு, ஒரு துண்டு சிவப்புத் துணி, பாபின் எல்லாவற்றையும் தட்டில் ஒப்படைத்தது. நூல் சிக்கில்லாமல் அப்படியே சுற்றியிருந்தது. தையல்காரர் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கம்பவுண்டர் அக்கா பாபினைக் கழுவிக் காகிதத்தில் மடித்து அவர் கையில் கொடுத்து, இனிமேல் கடையில் பிஸ்கட் வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

சின்னவன் கீழே போகவில்லை. அப்பாவின் அறையிலேயே நின்றிருந்தான். திரையின் ஓரத்தில் திறந்திருந்த ஃபோல்டரில் படங்கள் வரிசையாக இருந்தன. கீழே காணாமல்போன படங்கள் எல்லாம் அதில் இருந்தன: குட்டி நாயின் கால், யாருடைய கிளியோ, ஒரு முயலின் தாடை. ஒன்றுகூடத் தொலையவில்லை. எல்லாம் பத்திரமாக மாடியேறி வந்திருக்கின்றன.

"எவ்வளவு நாளா வருதுப்பா இதெல்லாம்?"

"நீ இந்தப் பெட்டியை வச்சதுலேர்ந்து வருதே. நீ அனுப்புறதை ஒண்ணு விடாம பாத்துட்டுதான் இருக்கேன்." அப்பா நாற்காலியை இழுத்து மறுபடி உட்கார்ந்துகொண்டார். மௌஸைப் பிடித்து ஒரு படத்தைத் திறந்து காட்டினார். அதை முதலில் பார்த்தபோது ஏதோ பறவை சிறகு விரித்திருக்கிறது என்று நினைத்தாராம். பெரிய நாயின் இடுப்பெலும்பு என்று புரிய இரண்டு நாள் ஆயிற்றாம். இன்னொரு பூனையின் வயிற்றில் வரிசையாகக் கல் இருப்பதாக எண்ணிக் கவலைப்பட்டாராம், எல்லாம் குட்டிகள். அவர் தொடர்ந்து ஐந்து வாக்கியம் பேசி சின்னவன் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

நீ அனுப்புறதை என்று அவர் சொன்னது அவன் காதில் முள்ளாக மாட்டிக்கொண்டது. நான் அனுப்பவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, கீழே கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லி நழுவினான்.

மதியம் அப்பா தூங்கப்போன நேரத்தில் அவன் பழைய கணினி முன் உட்கார்ந்தான். உன் பெயர் என்ன என்று இதனிடம் கேட்கவேண்டும் என்று இத்தனை நாளும் தோன்றவே இல்லை. கேட்டான். மைனா என்றது.

ஆக, வீட்டில் இரண்டு மைனா. இரண்டும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு இணைப்புக்குள் வந்திருக்கின்றன. யார் முதலில் வந்து பெயரைப் பிடித்துக்கொள்கிறார்களோ அவர்களுக்கே படம். அப்பா காலையில் எழுந்ததும் கணினியைப் போட்டுவிடும் நாட்களில், கம்பவுண்டர் அக்கா ஆற அமர வந்து கீழே சுவிட்சைப் போடுவதற்குள் பெயர் மாடிக்குப் போய்விடும். அப்பா நடக்கப் போய்விட்டுத் தாமதமாகப் போடும் நாட்களில் படம் கீழேயே நிற்கும். எல்லாம் ஒழுங்காக இருந்த நாளில் அவனே கீழ்க் கணினியை அணைத்துப் போட்டு, அந்த இடைவெளியில் பெயரை மாடிக்குக் கைநழுவ விட்டிருக்கிறான். கோளாறு எதிலும் இல்லாத பெட்டியை இத்தனை நாள் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறான்.

ஆனால் இதற்குக் குயில் என்று பெயர் வைத்தது அவன்தானே? மறுபடியும் வைத்தான். குயில் என்றது. அணைத்துப் போட்டான். மைனா என்றது. அப்போதுதான் உறைத்தது: அன்றைக்குப் பெயரை மாற்றிய பிறகு ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்க்கவே இல்லை. இதைச் செய்யாமல் விட்ட இளவட்டங்களை ஆபீசில் அவன் வறுத்தெடுத்ததுண்டு.

யாரோ ஒவ்வொரு முறையும் பெயரைத் திருப்பி எழுதுகிறார்கள். பெயர் இருக்கும் கோப்பு எப்போது கடைசியாக மாறியது என்று பார்த்தான். கணினி விழித்த அதே கணம். விழிக்கும்போது உள்ளே எந்தெந்த நிரல்கள் எழுந்து என்னென்ன செய்தன என்று பின்தொடர்ந்து போனான். பிடிபட்டது. இந்தக் கணினியை முதன்முதலில் தயார் செய்தபோது, சோம்பல்பட்டு, ஆபீசில் வாடகை சர்வர்களுக்கு வைத்திருக்கும் ஆயத்த லினக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தான். அதோடு கிளவுட்-இனிட் என்ற சிறு நிரலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. புதுச் சர்வர் முதல்முறை கண் திறக்கும்போது அதற்குப் பெயர் சூட்டி, சாவி கொடுத்து, வீட்டை ஒழுங்கு செய்து வைப்பது அதன் வேலை. பெயரை மட்டும் ஒவ்வொரு விழிப்பிலும் சரிபார்க்கும்; யாராவது மாற்றியிருந்தால், முதல் நாள் சொன்ன பெயரையே திரும்ப எழுதிவிட்டுப் போய்விடும். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. போதும், நிறுத்து என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.

அதன் அமைப்புக் கோப்பில், வைத்த பெயரை அப்படியே விட்டுவைக்கவா என்று ஒரு வரி இருந்தது. வேண்டாம் என்று இருந்ததை ஆம் என்று மாற்றினான். பெயரைக் குயில் ஆக்கினான். பக்கத்துக் கோப்பில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததையும் திருத்தினான். படம் வாங்கிக்கொள்ளும் மென்பொருளை நிறுத்தினான். அணைத்துப் போட்டான். குயில். மறுபடி அணைத்தான். குயில். மூன்றாவது முறையும் அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான்.

நியாயமாக மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. நாளைக் காலை அப்பா காபியோடு வந்து உட்காருவார், எதுவும் வராது.

டாக்டர் மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்தபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஒரு யோசனையும் சொன்னான். கீழே வருகிற படங்களில் ஒரு பிரதி தானாகவே மாடிக்குப் போகும்படி அஞ்சு நிமிஷத்தில் அமைத்துவிடலாம். அப்பாவுக்கு வித்தியாசமே தெரியாது. அவர் நினைத்தது நினைத்தபடியே இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டே கேட்டாள். படங்கள் போவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள். நாயும் பூனையும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பிறகு சொன்னாள்: "ஆனா நீங்க செய்யாததை செஞ்சதா அவர் நம்பிட்டு இருக்கார். அதை அப்படியே வச்சுக்க உங்களுக்கு மனசு வருமா?"

வரவில்லை. அதுதான் சங்கடமே.

சாயங்காலம் அப்பா தூங்கி எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தார். சின்னவன் முன்னறையில் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவன் அந்த அறையில் உட்கார்வது வழக்கமில்லாததால் அவர் ஒரு கணம் வாசலிலேயே நின்றார். அவன் சுற்றி வளைக்காமல் சொன்னான். பெயர் மாற்றியது, அது நிற்காமல்போனது, இரண்டு மைனா ஆனது, படங்கள் வழி தவறி வந்தது, கடைசியில், தான் எதையும் அனுப்பவே இல்லை என்பது. மன்னிச்சுக்கங்கப்பா என்று முடித்தான். எதற்கு மன்னிப்பு என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

அப்பா துண்டால் காதுக்குப் பின்னால் மெதுவாகத் துடைத்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"எனக்கும் லேசா சந்தேகம் இருந்துச்சு," என்றார் கடைசியில். "மொட்டையா படத்தை மட்டும் அனுப்புறானே, இது என்னன்னு ஒரு வார்த்தை எழுத மாட்டானான்னு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டா நிறுத்திடுவியோன்னு கேக்கல."

சின்னவன் திரையைப் பார்த்தான். மதியம் கணினியைப் போட்டபோது தானாகத் திறந்துகொண்ட சதுரங்கப் பலகை அதில் இருந்தது. ஆடிய சுவடே இல்லை. கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து காய்கள் தத்தம் வரிசையில் அணிவகுத்தபடியே நின்றன.

பிறகு அவன் பிரதி யோசனையைச் சொன்னான், இந்த முறை ஒளிவுமறைவில்லாமல். வேண்டுமானால் தினமும் எல்லாப் படமும் வரும்படி செய்துவிடலாம், ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன என்று எழுதியும் வைக்கலாம் என்றான். அப்பா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. படம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்றார். அது பொய்யென்று இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அடுத்தாற்போல் அவர் சொன்னது பொய்யில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் குறை. எலும்பு ஒடிஞ்சதைப் பாக்குறேன், வயித்துல கல்லைப் பாக்குறேன். அதுக்கப்புறம் அது பொழைச்சுதா, நடந்துதான்னு யாரும் சொல்றதில்லையே. அதைச் சொன்னா போதும்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது டாக்டர் துரையின் கதையைச் சொன்னாள், தட்டில் விழுந்த சிவப்புத் துணி உட்பட. அது யாருடைய சட்டையின் பாகம் என்று தையல்காரருக்கு இன்னும் விளங்கவில்லையாம். யார் வந்து கேட்கப்போகிறார்களோ என்று பயந்துகொண்டிருக்கிறாராம். அப்பா சிரித்ததில் புரையேறியது. சின்னவன் அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தான். அப்படியே பேச்சு முயலின் தாடைக்குப் போயிற்று, கிளிக்குப் போயிற்று. கிளி பிழைக்கவில்லை என்று டாக்டர் சொன்னபோது அப்பா சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். நான் பார்க்கும்போதே அதன் கழுத்து ஒரு மாதிரி இருந்தது என்றார்.

கீழே அதற்குப் பிறகு ஒரு படமும் தவறவில்லை. ராசி திரும்பிவிட்டது என்றார் கம்பவுண்டர் அக்கா. சின்னவன் விளக்கம் சொல்ல வாயெடுத்து, பிறகு ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

சில வாரம் கழிந்திருக்கும். ஆபீசில் ஏதோ ஒரு சர்வர் படுத்துக்கொண்டதால் சின்னவனுக்கு வேலை முடிய நேரமாகிவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னறையிலிருந்து வெளியே வந்தான். சாப்பாட்டு மேசையில் அப்பாவும் டாக்டரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டில் விரிசல் விட்ட ஓர் ஆமையைப் பற்றிப் பேச்சு. டாக்டர் ஓட்டைப் பசை போட்டு ஒட்டியதாகச் சொல்ல, அப்பா நம்பவில்லை. காகிதமும் பென்சிலும் எடுத்து, விரிசல் எந்தப் பக்கம் ஓடியது என்று அவளை வரைந்து காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வரைந்தது ஆமை போலவே இல்லை என்று அவர் சொல்ல, அவள் பென்சிலை அவரிடமே நீட்டினாள்.

சின்னவன் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. அவனே ஒரு தட்டை எடுத்து, தனக்கு வேண்டியதைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எந்த ஆமைப்பா?" என்று கேட்டான். அப்பா நிமிர்ந்து பார்க்காமலே, முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தார்.